காது வைத்த நட்டு

பிஸ்கட் கம்பெனியில் பாக்கெட்டின் அளவை மாற்ற இயந்திரத்தை நிறுத்திக் கழற்றும்போது, நட்டு ஒன்று நழுவிக் கிணுங்கென்று விழுந்தது. சட்டென்று என் மூக்கில் மிளகாய் நெடி ஏறியது.

திருக்கோகர்ணத்தில் அம்மா முத்துலெட்சுமி நடத்திய மாவு மில்லில் ஒரே இயந்திரம்தான். மிளகாய்க்குப் பிறகு அரிசி அரைக்க, நட்டுகளைக் கழற்றிச் சல்லடையை மாற்ற வேண்டும். ஸ்பேனரோடு அம்மா மல்லுக்கட்டுவதற்குள் பாதிப்பேர் தும்மிக்கொண்டே எதிர் மில்லுக்குப் போய்விடுவார்கள். ஒரு தீபாவளிக்கு நட்டு மாவுக்குள்ளேயே விழுந்து, மிச்சக் கூட்டமும் கலைந்தது.

மறுநாளே அம்மா வெல்டிங் பட்டறையில் நட்டுகளுக்கு இருபுறமும் காதுபோல் இரும்புத் துண்டு ஒட்டவைத்துக்கொண்டு வந்தார். கையாலேயே திருகலாம். இயந்திரம் ஓடும்போதே இன்னொரு சல்லடை துடைத்துத் தயாராக இருக்கும்.

“அரிசிக்காரங்க இங்கிட்டு வாங்க. தும்மி முடிக்கிறதுக்குள்ள மாத்திருவேன்!”

மாற்றியும் விடுவார். மிளகாய் வாசம் போக முதலில் ஓட்டும் ஒரு படி அரிசி எங்களுடையது. அதனால் எங்கள் வீட்டுப் புட்டு எப்போதும் காரம்.

கம்பெனியில் எங்கள் பாக்கெட் இயந்திரத்துக்கும் காது வைத்த நட்டுகளை மாட்டினேன். அடுத்த முறை டீ ஆறுவதற்குள் அளவு மாற்றும் வேலை முடிந்தது. மேலாளர், புது யோசனைகளை எழுதும் நோட்டைத் திறந்தார்.

“யாரோட ஐடியாம்மா, ஒன் பேரை எழுதட்டுமா?”

“முத்துலெட்சுமின்னு எழுதுங்க சார். மாவு மில், திருக்கோகர்ணம்.”