உப்பு வேர்க்காத ஊர்

கள்ளக்குறிச்சியில் நல்ல புளி வேண்டுமென்றால் ஷேக் மைதீன் பாயிடம் வாங்குங்கள். எந்த ஊரில் வானிலை நன்றாக இருக்கும் என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள். முன்பெல்லாம் கேட்டால் ஒரு டீ ஆறிப்போகும் வரை சொல்லுவார். இப்போது கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுவார்.

என் பெயர் காசிநாதன். தியாகதுருகம் சாலையில், பாயின் களத்துக்கு நேர் எதிரே பிளக்ஸ் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், காது குத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் ஒரே இயந்திரம்தான், முகம்தான் மாறும். வருடக்கணக்கில் எதிரெதிரே உட்கார்ந்திருப்பதால் பாய் வீட்டில் நடப்பது எல்லாம் எனக்குத் தெரிந்துவிடும். தெரியாததை அவரே சாலையைத் தாண்டி வந்து சொல்லிவிடுவார்.

கல்வராயன் மலையிலிருந்து மாசி, பங்குனியில் புளி இறங்கும். அதை வாங்கி, களத்தில் பரப்பிக் காயவைத்து, ஓடும் கொட்டையும் நீக்கி மூட்டை கட்டி விற்பது பாயின் தொழில். இந்தத் தொழிலுக்கு ஈரம்தான் எதிரி. ஈரத்தோடு கட்டிய மூட்டை ஆவணிக்குள் கறுத்துப் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் பாய்க்கு ஒரு பழக்கம். படுக்கப் போகும் முன் ஒரு காகிதத்தில் ஒரு பிடி கல்லுப்பை வைத்து மாடியில் வைப்பார். காலையில் தொழுதுவிட்டு வந்து தொட்டுப் பார்ப்பார். உப்பு வேர்த்திருந்தால் அன்று களம் விரிக்கமாட்டார். கலகலவென்று உலர்ந்திருந்தால், களத்தில் வேலை செய்யும் பெண்களுக்கு மூத்தவளான அம்சவள்ளியைக் கூப்பிட்டு, "காத்து நல்லா இருக்குது, பரப்பும்மா" என்பார். செல்போன் சொல்லும் மழையை அவர் நம்பியதில்லை. அவர் உப்பு தவறிப் போய் நானும் பார்த்ததில்லை.

அவருக்கு ஒரே மகள், அஸ்ரின். பிளஸ் டூ முடித்ததும் விமானம் ஓட்டப் படிக்கிறேன் என்றாள். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்காதது அவள் அம்மா காசிம் பீவி மட்டும்தான், அவள் அழுதாள். அஸ்ரின் இரண்டையும் கண்டுகொள்ளாமல் சென்னையில் சித்தி வீட்டில் தங்கி, அதற்கான பரீட்சைகளையெல்லாம் எழுதித் தேறினாள். கண், காது, இதயம் எல்லாம் சோதித்துச் சான்றிதழும் வாங்கிவிட்டாள். இனிப் பறப்பதுதான் பாக்கி. ஏதாவது ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து இருநூறு மணி நேரம் வானத்தில் இருக்க வேண்டும். அப்புறம்தான் லைசென்ஸ். அந்தப் பரீட்சைகளுக்கு ஆயுள் ஐந்து வருடம். அதற்குள் மணிக்கணக்கு முடியாவிட்டால் எழுதியதெல்லாம் செல்லாது. இந்தக் கதையில் இது ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

ஐந்தில் இரண்டு வருடம் அத்தாவைச் சம்மதிக்க வைப்பதிலேயே போய்விட்டது. கடைசியில் பாய் சரி என்றார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்.

"எந்த ஊர்ன்றத நான் பாத்து சொல்றேன். அதுல மட்டும் நீ பேசக்கூடாது."

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. விசாரித்த இடத்திலெல்லாம் ஒரே பேச்சு: பள்ளிக்கூடம் எப்படி இருந்தாலும், வானிலைதான் முக்கியம். வானிலை சரியில்லாத ஊரில் சேர்ந்தவர்கள் ஒரு வருடப் படிப்பை மூன்று வருடம் படித்துக்கொண்டிருக்கிறார்கள். இதைக் கேட்டதும் பாய்க்கு உற்சாகம் வந்துவிட்டது. விமானத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. வானத்தைப் பற்றி அவருக்கு யார் சொல்லித் தர வேண்டும்?

அஸ்ரின் ஏற்கெனவே ஓர் ஊரைப் பார்த்து வைத்திருந்தாள். மேற்கே, சேலத்தைத் தாண்டி. பஸ்ஸில் போய் வந்துவிடலாம், காலை நேரத்தில் அங்கே காற்று அசையாது என்றாள். பாய் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அங்கே மழை எத்தனை மாதம்? ஐப்பசியும் கார்த்திகையும் கொஞ்சம் சிரமம் என்று அவள் உள்ளதைச் சொன்னாள். அந்த ஊர் போயிற்று. கடற்கரை ஊர்களைப் பாய் பேசவே விடவில்லை, அங்கே பகலிலேயே உப்பு வேர்க்கும். மராட்டியத்தில் நான்கு மாதம் மழை. இப்படிக் கழித்துக் கழித்து வந்ததில் மிஞ்சியது வடக்கே, பாலைவனத்தை ஒட்டிய ஓர் ஊர்.

மாசி மாதம் பாய் தானே ரயிலேறிப் போய் அந்த ஊரைப் பார்த்துவிட்டு வந்தார். போகும்போது பையில் ஒரு பொட்டலம் கல்லுப்பு கொண்டு போனார். நான் கிண்டல் செய்யவில்லை, செய்திருந்தாலும் காதில் வாங்கியிருக்க மாட்டார். மூன்று ராத்திரி லாட்ஜ் மாடியில் உப்பை வைத்துப் பார்த்தாராம். லாட்ஜ்காரன் இவரை ஒரு மாதிரி பார்த்தானாம். திரும்பி வந்த அன்று பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் என் கடைக்கு வந்தார்.

"காசி, அந்த மாதிரி காத்து நம்ம ஊருக்கு எழுதி வெக்கல. ராவும் பகலும் அடிச்சிக்கினே இருக்குது. உப்பு சுக்கா கெடக்குது. அங்க மட்டும் ஒரு களம் இருந்தா நான் ராஜா."

அஸ்ரினிடமும் இதையே சொல்லியிருக்கிறார். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது, எவ்வளவு அடிக்கிறது என்று அவள் கேட்டிருக்கிறாள். நன்றாக அடிக்கிறது என்றாராம். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. யோசித்துப் பார்த்தால் நானும் கேட்டிருக்க மாட்டேன். இரண்டு வருடம் முடியாது என்றவர் இப்போதுதான் முடியும் என்றிருக்கிறார். உங்கள் உப்பு தப்பு என்று சொல்லி அந்த ஒரு வார்த்தையையும் யார் கெடுத்துக்கொள்வார்கள்?

களத்துக்குப் பின்னால் இருந்த குடோனை விற்றுப் பணம் கட்டினார்கள். அஸ்ரின் கிளம்பும் வாரம் நான் பிளக்ஸ் அடித்தேன். எங்கள் ஊரில் பிளக்ஸ் என்பது முடிந்த காரியத்துக்கு மட்டும் அடிப்பதில்லை. ஆரம்பித்தாலே அடித்துவிடுவோம். அவள் பாஸ்போர்ட் போட்டோவிலிருந்து முகத்தை எடுத்து, தோளில் தங்கப் பட்டை வைத்த வெள்ளைச் சட்டையின் மேல் ஒட்டி, பின்னால் ஒரு விமானத்தையும் பறக்கவிட்டு, 'கள்ளக்குறிச்சியின் வருங்கால விமானி' என்று போட்டேன். நான்குமுனைச் சந்திப்பில் பஸ்ஸில் வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்த்தான். அவளுக்கு அது பிடிக்கவில்லை என்று அவள் முகத்தில் தெரிந்தது. எங்களுக்குப் பிடித்திருந்தது.

அதற்கப்புறம் தினமும் பொழுது சாய்ந்து மக்ரிப் தொழுகை முடிந்ததும் பாய் களத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு மகளைக் கூப்பிடுவார். ஸ்பீக்கரில்தான் பேசுவார், எதிர்க் கடைவரை கேட்கும். சாப்பிட்டாயா என்பதற்கு அடுத்து ஒரே கேள்விதான்.

"அங்க மழ இருக்குதாம்மா?"

"இல்ல அத்தா."

"அல்ஹம்துலில்லாஹ்."

ஐப்பசியில் இங்கே களம் குளமாகி நிற்கும். படுதாவுக்கு அடியில் மூட்டைகளை அடுக்கிவிட்டு, சொட்டச் சொட்ட நின்றுகொண்டு அவர் அதே கேள்வியைக் கேட்பார். இல்லை அத்தா என்று பதில் வரும். பார்த்தாயா என்பதுபோல என் பக்கம் திரும்புவார். அவள் பொய் சொல்லவில்லை. அங்கே மழை இல்லைதான்.

எல்லோரையும்போல அவளும் ஒரு வருடத்தில் முடித்துவிடுவாள் என்று நினைத்தோம். வருடம் முடிந்தது, அவள் வரவில்லை. இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்றாள். அடுத்த பக்ரீத்துக்கும் அதே பதில். பாய்க்குச் சந்தேகம் வந்தது வானத்தின் மேல் இல்லை, மகளின் மேல். சரியாகப் படிக்கவில்லையோ, பயப்படுகிறாளோ என்று என்னிடம் வருத்தப்பட்டார். வைகாசியில் யாரிடமும் சொல்லாமல் ஒரு பெட்டி மாம்பழத்தைத் தூக்கிக்கொண்டு ரயிலேறினார்.

அங்கே நடந்ததை அவர் எனக்கு ஒரு தடவைதான் சொன்னார். பள்ளிக்கூடத்து வேலிக்கு வெளியே ஒரு வேப்பமரம். அதற்கு அடியில் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. இவ்வளவு நல்ல நாளில் விமானங்களெல்லாம் இறக்கையில் கயிறு போட்டுத் தரையோடு கட்டிக் கிடந்தன. மாடு கட்டுவதுபோலக் கட்டியிருந்தார்கள் என்றார். பத்து மணிக்கு எதிரில் இருந்த கட்டடமே புழுதியில் மங்கிவிட்டது. அஸ்ரின் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு வந்தாள். அத்தாவைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தாளாம்.

"மழ இல்ல, மேகம் இல்ல, ஏன்மா கட்டி வெச்சிருக்காங்க?"

"காத்து அத்தா."

"காத்து அடிச்சா நல்லது தானே?"

"புளிக்கு நல்லது அத்தா."

அப்புறம் மரத்தடியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். ஓர் அளவுக்கு மேல் ஓடுபாதைக்குக் குறுக்கே பக்கக் காற்று அடித்தால் பழகுகிறவர்களை ஏறவிடமாட்டார்கள். கோடையில் விடியற்காலையில் ஒரு மணி நேரம் அடங்கியிருக்கும், அதற்கு முப்பது பேர் வரிசையில் நிற்பார்கள். அப்புறம் புழுதி, எதிரே தூரம் தெரியாது. மார்கழி, தையில் பனிமூட்டம், அது விலகுவதற்கும் காற்று கிளம்புவதற்கும் சரியாக இருக்கும். வருடத்தில் பறக்க நல்ல காலம் என்று இருப்பது மாசி ஒன்றுதான், அப்போது மட்டும் காற்று ஓடுபாதையின் நீளவாக்கில் அடிக்கும். பாய் போய்ப் பார்த்தது அந்த மாசியில். உப்பை வேர்க்கவிடாமல் வைத்திருந்த அதே காற்றுதான் அவளை இரண்டு வருடமாகத் தரையில் உட்கார வைத்திருந்தது. இருநூறில் பாதிகூட ஆகவில்லை.

ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று இவர் கேட்டிருக்கிறார். நீங்கள் மழை இருக்கிறதா என்றுதானே கேட்டீர்கள் என்றாளாம். கோபமாகச் சொல்லவில்லையாம். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை என்று பாய் என்னிடம் சொன்னார்.

அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மேற்கே, அவள் முதலில் சொன்ன ஊருக்குப் போய் நின்றார்கள். அந்தப் பள்ளியில் மரியாதையாகத்தான் பேசியிருக்கிறார்கள். பாதியில் வருகிறவர்களை அவர்கள் எடுப்பதே குறைவு, இடமும் இல்லை, வந்தால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த வருடம் என்பது அவள் பரீட்சைகளின் ஆயுளுக்கு அந்தப் பக்கம். போய்ப் பார்த்தது காலை நேரம். ஓடுபாதையின் ஓரத்தில் காற்றுத் திசை காட்டும் துணிக் குழாய் தொங்கிக்கொண்டிருந்ததாம், துளி அசைவில்லாமல். பாய் அதையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். வா அத்தா போகலாம் என்று அஸ்ரின்தான் கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள்.

மறுபடியும் பரீட்சை எழுதலாமே என்று என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. எழுதலாம், யாரும் தடுக்கவில்லை. எழுதித் தேறி, மறுபடி கண்ணும் காதும் காட்டி, மறுபடி இடம் தேடி, மறுபடி ஒரு குடோனை விற்க வேண்டும். விற்க இன்னொரு குடோன் இல்லை. எல்லாம் நல்லதுக்குத்தான் என்று ஆறுதல் சொல்ல வருகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இதில் என்ன நல்லது இருக்கிறது? ஒரு நல்லதும் இல்லை.

பரீட்சைகளின் ஆயுள் போன மாசியில் முடிந்தது. அந்த நாளைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை என்று காசிம் பீவி சொன்னாள். அஸ்ரின் இப்போது களத்தில்தான் உட்காருகிறாள். எடை போடுகிறாள், லாரிக்காரர்களிடம் பேசுகிறாள், மலையிலிருந்து வருகிறவர்கள் அவளைப் பாப்பா என்று கூப்பிடுகிறார்கள். பாய் மாடியில் உப்பு வைப்பதை விட்டுவிட்டார். உப்பு இல்லாமல் அவருக்கு எதையும் தீர்மானிக்க வரவில்லை. தினமும் காலையில் அம்சவள்ளி களத்து நடுவில் வந்து நின்று பரப்பலாமா என்று கேட்பாள், அவர் காதில் விழாததுபோலச் சாலையைப் பார்ப்பார். இப்படியே இரண்டு மூன்று மூட்டை வீணாகப் போயிற்று.

பங்குனியில் ஒரு நாள் விடிகாலையில் மலைப் பக்கம் இடித்து நாலு தூறல் போட்டுவிட்டு நின்றிருந்தது. குவித்து வைத்த புளியின் மேல் என் பிளக்ஸ் போர்த்தியிருந்தது. சந்திப்பிலிருந்து கழற்றியதை அம்சவள்ளிதான் படுதாவாக வைத்துக்கொண்டாள். எங்கள் ஊரில் எல்லா பிளக்ஸும் கடைசியில் எதையாவது மூடத்தான் போகும். வெயிலில் முகம் வெளுத்திருந்தது, தோள் பட்டை மட்டும் இன்னும் மஞ்சளாகத் தெரிந்தது. அம்சவள்ளி வழக்கம்போலக் கேட்டாள்.

"பரப்பலாமா பாய்?"

பாய் நாற்காலியில் உட்கார்ந்தபடி சாலையைப் பார்த்தார். அஸ்ரின் தராசை விட்டு எழுந்து களத்துக்கு வந்தாள். மலையைப் பார்த்தாள். சாலையோரப் புளிய மரத்தின் உச்சியைப் பார்த்தாள். கொஞ்சம் புழுதியைக் கிள்ளி எடுத்துக் காற்றில் விட்டு, அது போகும் பக்கத்தைக் கண்ணால் தொடர்ந்து பார்த்தாள். அந்த ஊரில் தினமும் விடியற்காலையில் அப்படித்தான் பார்த்திருப்பாள் போலிருக்கிறது. பிறகு குனிந்து பிளக்ஸின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினாள்.

"காத்து நல்லா இருக்குது அத்தா," என்றாள். "பரப்பச் சொல்லுங்க."

பாய் எழுந்து உள்ளே போய்விட்டார்.