ஒரகடத்துக்குப் பெயரோடு போன கூடைகள்

மார்கழி மாதத்து ஞாயிறு, காலை பதினோரு மணி. குன்றத்தூரில் மலைக்கோயிலுக்கு வந்தவர்களின் வண்டிகளுக்கு நடுவே எங்கள் குட்டி யானை நின்றது. லோடு வண்டிக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். ஓட்டுநர் அந்தோணி, போகவர ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் என்று முதல் நாளே பேசி முடித்திருந்தார். சர்ச்சில் ஞாயிறு பூசைக்குப் போய்விட்டு நேராக வந்ததால் வெள்ளைச் சட்டையில் மாப்பிள்ளை போல இருந்தார்.

பழங்குடிப் பெண்கள் கையால் செய்யும் பொருட்களை வாங்கி விற்பது என் தொழில். நியாய வணிகம் என்று அதற்குப் பெயர். விலையில் பெரும்பங்கு செய்தவருக்குப் போக வேண்டும். யார் செய்தது என்று ஒவ்வொரு பொருளிலும் பெயர் இருக்க வேண்டும். இதை விளக்கி நான் பேசாத மேடை இல்லை. கேட்டுவிட்டுக் கொட்டாவி விட்டவர்களும் ஏராளம்.

செம்பரம்பாக்கம் ஏரி கரை முட்ட நிரம்பிக் கிடந்தது. "பாக்க நல்லாதான் கீது மேடம். தொறந்துவுட்டா நம்ம வூடுதான் மொதல்ல மொதக்கும்" என்றார் அந்தோணி. மார்கழியில் எங்கள் ஊரில் வேறு பேச்சே கிடையாது.

பன்னிரண்டு மணிக்கு மண்ணூர். ஒரு தொழிற்சாலையின் நீண்ட மதிலுக்குப் பின்னால் இருளர் குடியிருப்பு. பழைய புடவைகளில் மூட்டை கட்டிய கூடைகளோடு கன்னியம்மா சாலையிலேயே காத்திருந்தாள். ஒன்பது பெண்கள் சேர்ந்த குழுவுக்கு அவள்தான் தலைவி. மூன்று வருடங்களுக்கு முன் ஒரு பயிற்சியில் ஈச்ச ஓலையில் கூடை பின்னக் கற்றுக்கொண்டார்கள். ஆனாலும் பொங்கல் முடிந்தால் குடும்பத்தோடு செங்கல் சூளைக்குக் கிளம்புவது நிற்கவில்லை. பிள்ளைகளின் படிப்பு பாதியில் நிற்கும்.

இந்த வருஷம் யாரும் போக வேண்டாம் என்று கன்னியம்மா சொல்லியிருந்தாள். சொன்ன தைரியத்துக்கு ஆதாரம் இன்றைய பயணம்தான். ஒரகடத்தில் தொழிற்சாலைப் பெண்கள் தங்கும் விடுதியில் கடை போட வார்டன் இடம் கொடுத்திருந்தார். இன்று விற்றால் மாதா மாதம் சம்பள வாரத்தில் வரலாம். விற்காவிட்டால் இடமும் இல்லை, கன்னியம்மாவின் பேச்சுக்கு ஊரில் மதிப்பும் இல்லை.

"கூடை எல்லாம் காத்து மாதிரி கீது. வண்டில ஒண்ணும் ஏத்தலியோன்னு ரெண்டு தபா திரும்பிப் பாத்துட்டேன்" என்றார் அந்தோணி. கன்னியம்மா சிரிக்கவில்லை. மூட்டை முடிச்சை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் பன்னிரண்டு கிலோமீட்டர். புதுக் கார்களை அடுக்கிய நீண்ட லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, சாப்பிட்டு, ஒன்றரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் வேப்பமரத்தடியில் கூடைகளை அடுக்கினோம். சாப்பாட்டுக் கூடை இருநூற்று எண்பது ரூபாய், செல்போன் பை நூற்று இருபது, பாய் அறுநூறு. ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு அட்டை. அதில் செய்தவர் பெயர். சிவப்பு என் தேர்வு. ஓலை நிறத்தில் எடுப்பாகத் தெரியும் என்று தேடி வாங்கினேன்.

மூன்று மணி. ஷிப்ட் முடிந்து பேருந்துகள் வந்தன. சீருடைப் பெண்கள் ஓடி வந்து மொய்த்தார்கள். கூடையை எடுத்தார்கள், "சூப்பரா இருக்கு" என்றார்கள், அட்டையைப் பார்த்தார்கள், வைத்துவிட்டார்கள். அரை மணி நேரமும் இதே கதை. எனக்கு எரிச்சல் வந்தது. இதே பெண்கள் பிளாஸ்டிக் டப்பா என்றால் அள்ளிக்கொண்டு போவார்கள் என்று மனதுக்குள் திட்டினேன்.

சங்கரன்கோவில் பக்கத்துப் பெண் ஒருத்தி, மாரீஸ்வரி, மெல்லக் கேட்டாள்: "யக்கா, இது அம்புட்டும் ரிஜெக்ட் பீஸா?"

"யாரும்மா சொன்னது?"

"சிவப்பு அட்டைல பேரு எழுதித் தொங்குதுல்லா. எங்க லைன்ல அப்படி மாட்டிட்டாவன்னா அது கழிச்ச பீஸு. அந்தப் பேர வச்சுத்தான் சூப்பர்வைசர் ஏசுவாரு. நல்ல பீஸுல யாரு பேரு போடுதா?"

பக்கத்தில் இருந்தவள், "பாதி வெலைக்குத் தருவீங்களாக்கா?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தேன். முதல் அட்டையின் நூலைப் பிடித்தபோது கன்னியம்மா என் கையைப் பிடித்தாள்.

"வெட்டாதக்கா."

"விக்க வேணாமா கன்னியம்மா?"

"விக்கணும். சூளைல எத்தினி வருசமா கல்லு அறுத்துகினு இருந்தேன். ஒவ்வொரு கல்லுலயும் மொதலாளி பேரு, மூணு எழுத்து. அச்சுலயே கீது, நாம அமுக்கினா வுழும். என் பேரு வுழுந்தது இந்தக் கூடைலதான். அத்த வெட்டிட்டுத்தான் விக்கணும்னா, நான் சூளைக்கே போறேன்."

மாரீஸ்வரி அவளையே பார்த்தாள். பிறகு ஒரு கூடையை எடுத்துக் கவிழ்த்தாள், கைப்பிடியை இழுத்தாள், விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டினாள். வேலையில் தினமும் செய்வது அதுதான் போலிருக்கிறது.

"தப்பு ஒண்ணும் இல்லியே."

"இல்ல" என்றாள் கன்னியம்மா.

"பொறவு, நல்லா செஞ்சதுக்கா பேரு?"

"ஆமா. நான்தான் செஞ்சேன். அதுக்குத்தான்."

மாரீஸ்வரி படிக்கட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினாள்: "ஏட்டி, ரிஜெக்ட் இல்லட்டி! நல்லா செஞ்சதுக்குப் பேரு போட்டிருக்காவ!"

இத்தனை வருஷமாக நான் சொல்லிவந்ததை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

அதன் பிறகு கூடைகள் பெயர் சொல்லித்தான் விலை போயின. ஒருத்திக்கு ராணி பின்னிய கூடை வேண்டும், இன்னொருத்திக்குக் கன்னியம்மா கூடைதான் வேண்டும். கன்னியம்மாவோடு செல்பி வேறு. பாய் மட்டும் ஒன்றுகூடப் போகவில்லை. இரும்புக் கட்டிலில் படுப்பவர்களுக்குப் பாய் எதற்கு? ஐந்து மணிக்கு வார்டன் வந்து பார்த்துவிட்டு, "அடுத்த மாசமும் வாங்க. அட்டை கலர மட்டும் மாத்திடுங்கம்மா" என்றார்.

திரும்பும் வழியில் கன்னியம்மா தன் குழுவிலிருக்கும் ராணிக்குப் போன் போட்டாள். "பொங்கலுக்கு மூட்ட கட்ட வேணாம்னு எல்லார்கிட்டயும் சொல்லு" என்றாள். அவ்வளவுதான். மண்ணூர் வரும்வரை தூங்கினாள். அந்தோணி பாட்டின் சத்தத்தைக் குறைத்து ஓட்டினார்.

நான் குன்றத்தூர் வந்து சேர்ந்தபோது இருட்டியிருந்தது. காய்ந்த துணிகளை எடுக்க மாடி விளக்கைப் போட்டேன். எங்கள் மாடியின் கைப்பிடிச் சுவர் இன்றுவரை பூசப்படாமல் கிடக்கிறது. தினமும் துணி காயப்போடும் இடம்தான். அன்றைக்குத்தான் உற்றுப் பார்த்தேன். மேல்வரிசையில் மல்லாந்து கிடந்த கற்களில் மூன்று எழுத்து. ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனேன். இவற்றை அறுத்தது யார் என்று எந்தக் கல்லிலும் இல்லை.

பொங்கல் முடிந்ததும் சூளையில் மறுபடி வேலை தொடங்கும். அந்த மூன்று எழுத்து அச்சை இந்த வருஷம் கன்னியம்மா கையில் எடுக்கப்போவதில்லை.