பச்சை பிடித்த பென்னிகள்

பழைய பிரிட்டிஷ் காசுகளை வாங்கி விற்கிற கடை என்றதும் கண்ணாடி அலமாரி, குளிரூட்டிய அறை என்று எதையாவது கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மாடிப்படிக்கு அடியில் ஓர் இடுக்கு, அவ்வளவுதான். ஒரு பக்கம் கடிகாரம் பழுதுபார்க்கிறவர், மறுபக்கம் ஜெராக்ஸ் கடை. உள்ளே ஒரு மேஜை, கழுத்து வளைகிற விளக்கு, சின்னத் தராசு, இரண்டு நாற்காலி. மூன்றாவது ஆள் வந்தால் நின்றுகொண்டுதான் பேச வேண்டும். உயரமான ஆளாக இருந்தால் அதுவும் முடியாது.

அந்த இடுக்கில் முப்பத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருந்தவருக்கு லென்ஸ்காரர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதை வங்கிக்காரர்கள் மட்டும் ஞாபகம் வைத்திருந்தார்கள். பூதக்கண்ணாடியை வலது கண்ணில் இடுக்கிக்கொண்டே பேசுவார், இடுக்கிக்கொண்டே டீ குடிப்பார். பரணைச் சுத்தம் பண்ணும்போது கிடைத்த காசோடு நேராகக் கோடீஸ்வரர் ஆகிவிடலாம் என்று வருகிறவர்களை ஒரே வரியில் வீட்டுக்கு அனுப்புவார். 1933-ஆம் வருஷத்துப் பென்னி உலகத்திலேயே விரல்விட்டு எண்ணுகிற அளவுதான் இருக்கிறது என்று எங்கேயோ படித்துவிட்டு, 1935-இன் ஐந்தைச் சுரண்டி மூன்றாக்கி எடுத்து வருவார்கள். "மூணு நல்லா வந்திருக்கு. கை யாரோடது, உங்களோடதா?" என்று கேட்பார். வந்தவர் வேர்த்துப்போய்க் கிளம்பிவிடுவார்.

அவரிடம் பணம் பெரிதாக இருந்ததில்லை. ஆனால் சொல் இருந்தது. "லென்ஸ்காரர் பாத்துட்டாரா?" என்று ஒருவர் கேட்டு, "பாத்துட்டார்" என்று மற்றவர் சொன்னால் அதோடு பேச்சு முடிந்தது. அந்த மரியாதை அவருக்குப் பிடித்திருந்தது. கொஞ்சம் அளவுக்கு மீறியே பிடித்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். வந்த வினையெல்லாம் அதில்தான் தொடங்கியது.

அந்தச் சொல்லை வேதவாக்காக எடுத்துக்கொண்ட முதல் ஆள் ஒரு தபால்காரர். சனிக்கிழமை தவறாமல் நாலு மணிக்கு வருவார். லென்ஸ்காரரைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஆனாலும் "சார்" என்றுதான் கூப்பிடுவார். லென்ஸ்காரர் அவரை "அண்ணே" என்பார். தபால்காரருக்கு ஷில்லிங் வேண்டாம், தங்கம் வேண்டாம், பென்னி மட்டும் போதும். கொண்டை போட்ட இளம் ராணி தலையிலிருந்து கடைசி ராணி வரைக்கும், 1860 முதல் 1967 வரை, அச்சான வருஷத்துக்கு ஒன்று. அதுவும் கைமாறாத காசாக, அச்சில் இருந்து விழுந்த அன்றைக்கு இருந்த செம்புச் சிவப்பு போகாததாக இருக்க வேண்டும். ஒரு காசுக்காக ஒன்பது மாதம் மதியச் சாப்பாட்டில் பாதியைக் குறைத்துக்கொண்டவர் அவர். கேட்டால், தொப்பை குறைந்தது என்று சிரிப்பார்.

இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் லென்ஸ்காரருக்கு ஒரு சரக்கு மலிவாக வந்தது. கெட்டி அட்டை போட்ட ஆல்பங்கள். பக்கத்துக்குப் பன்னிரண்டு பை. மெத்தென்ற பிளாஸ்டிக், கண்ணாடி மாதிரி தெளிவு, புது மழைக்கோட்டின் வாசனை. தேடி வந்தவர்களுக்கெல்லாம் அதையே கொடுத்தார். கொடுக்கும்போது ஒரு பிரசங்கமும் செய்வார்: "காசை உள்ள போட்டு மூடிடுங்க. காத்து படக்கூடாது, ஈரம் படக்கூடாது. பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டுங்க. ஆசையா இருக்குன்னு அடிக்கடி திறந்து பாக்காதீங்க. காசுக்கு மனுஷன்தான் எதிரி." சிலர் கேட்டார்கள், சிலர் கேட்கவில்லை. தபால்காரர் கேட்டார். புதுக் காசு வாங்கினால் பையில் போடுவார், அந்தப் பக்கத்தை மூடுவார், பிறகு அந்தப் பக்கம் திரும்பியே பார்க்க மாட்டார்.

நாலு வருஷத்துக்கு முன் ஒரு பல் டாக்டர் தன் ஆல்பத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். காசுகளின் மேல் பச்சையாக ஒரு பிசுக்கு. தொட்டால் விரலில் ஒட்டியது.

"எங்க வச்சிருந்தீங்க?" என்றார் லென்ஸ்காரர்.

"பெட்ரூம்லதான்."

"பக்கத்துல பாத்ரூமா?"

"ஆமா, ஆனா..."

"அதான் பாத்தீங்களா! ஈரம். நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே."

டாக்டர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார். அவர் போனதும் லென்ஸ்காரர் தன் இழுப்பறையைத் திறந்து, அதே பிளாஸ்டிக்கில் கிடந்த தன் சொந்தச் சரக்கைப் பார்த்தார். மூன்று பக்கத்தில் பச்சை. அவர் கடையில் பாத்ரூம் கிடையாது. பழைய நாணயச் சேகரிப்பு இதழ்களைக் கிளறினார். ஒன்றில் தெளிவாகவே எழுதியிருந்தது. அந்த வகைப் பிளாஸ்டிக் நாள்படக் கசியும், கசிவது அமிலம், செம்பையும் வெண்கலத்தையும் தின்னும். இதழ் வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அவர் பிரித்துக்கூடப் பார்த்திருக்கவில்லை.

அன்று சாயங்காலமே தன் காசுகளையெல்லாம் காகித உறைக்கு மாற்றினார். மிச்சமிருந்த ஆல்பங்களைக் குப்பையில் போட்டார். வாங்கிப் போனவர்கள் நாற்பது பேருக்கு மேல் இருப்பார்கள். ஒருவரிடமும் சொல்லவில்லை. இந்த வாரம் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டார். சொல்லாத ஒவ்வொரு வாரமும், ஏன் அப்போதே சொல்லவில்லை என்ற கேள்விக்கு இன்னொரு வாரத்தைச் சேர்த்துக் கொடுத்தது. பிறகு சொல்லவே முடியாமல் போனது.

தபால்காரரிடம் மட்டும் ஒரு தடவை வாயைத் திறந்தார். "அண்ணே, பழசையெல்லாம் ஒரு தடவை எடுத்துப் பாருங்களேன். எப்படி இருக்குன்னு."

தபால்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "என்னைச் சோதிக்கிறீங்களா சார்? திறக்கவே மாட்டேன். நீங்க வச்ச பரீட்சைல எல்லாம் நான் பாஸ்!"

லென்ஸ்காரரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு தபால்காரருக்கு ஓர் ஆசை வந்தது. கடை மேஜையில் கிடந்த ஏலக் கம்பெனிப் புத்தகத்தைப் புரட்டியபோது, ரயில் கார்டு ஒருவரின் தொகுப்பை இரண்டு பக்கத்துக்குத் தனியாகப் போட்டு, மேலே அவர் பெயரைப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்ததைப் பார்த்துவிட்டார்.

"நம்மளுதும் இப்படி வருமா சார்?"

"பாக்கலாம்ணே."

"வித்து வர்ற காசு பெரிசில்ல. முப்பத்தஞ்சு வருஷமா மத்தவங்க பேரைத்தான் படிச்சுக்கிட்டே நடந்தேன். எம்பேரு ஒரே ஒரு தடவை அச்சுல வந்தா போதும்."

லென்ஸ்காரர் பாக்கலாம், பாக்கலாம் என்றே ஐந்து மாதத்தை ஓட்டினார். தபால்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தானே கம்பெனிக்கு எழுதிவிட்டார். பதில் வந்தது: லென்ஸ்காரரின் மதிப்பீட்டுக் கடிதத்தோடு மூன்று வாரத்தில் அனுப்பவும், நிலை நன்றாக இருந்தால் பெயரோடு போடுகிறோம்.

அந்தச் சனிக்கிழமை தபால்காரர் ஆல்பங்களைத் துணிப்பையில் கட்டி, குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி மார்போடு அணைத்துக் கொண்டுவந்தார். கூடவே ஒரு பழுப்புக் கவரும் இருந்தது.

"இதுல ஒரு பதினாலு காசு இருக்கு சார். கோவிச்சுக்காதீங்க. ஆல்பம் ஸ்டாக் இல்லன்னு சொன்னீங்களா, சும்மா காகிதத்துல மடிச்சு வச்சுட்டேன். கெட்டிருந்தா என் தப்புதான்."

லென்ஸ்காரர் முதல் ஆல்பத்தைத் திறந்தார். பக்கம் பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது சத்தம் போட்டது. உடனே மூடிவிட்டார்.

"விட்டுட்டுப் போங்கண்ணே. நிதானமா பாக்கணும்."

"எத்தனை நாள் வேணாலும் பாருங்க சார்," என்று தபால்காரர் கையை வீசிக்கொண்டு போனார்.

வீட்டில் சமையலறை மேடையில் கிண்ணம் கிண்ணமாக, நகப்பூச்சை அழிக்கிற அசிட்டோனை ஊற்றிப் பென்னிகளை ஊறப்போட்டார். அவர் மனைவி ஜன்னல்களைத் திறந்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். "ஆஸ்பத்திரி வாசனை. இனிமே இந்தக் கிண்ணத்துல மனுஷன் சாப்பிடுவானா?" என்றாள். பிசுக்கு கரைந்தது. கரைந்த இடத்தில் குழி இருந்தது. ராணியின் கன்னத்தில் குழி, கொண்டையில் குழி, வருஷ எண்ணின் மேல் குழி. சிவப்பெல்லாம் போய்ச் செத்த பழுப்பாகக் கிடந்தன. மூன்று நாள் ஊறவைத்தார், மாற்றி ஊற்றினார், மூங்கில் குச்சியை நனைத்து ஒவ்வொன்றாக நீவினார். எழுபத்தெட்டு காசில் எழுபத்தெட்டும் போயிருந்தன. பழுப்புக் கவரில் இருந்த பதினாலும் தங்கமாட்டம் மின்னின.

மனைவிக்கு விஷயம் தெரியும். நாலு வருஷத்துக்கு முன் ஆல்பங்களைக் குப்பையில் போட்டபோது கூட இருந்து தூக்கியவள் அவள்தான்.

"போய்ச் சொல்லிடுங்க," என்றாள். "திட்டினா வாங்கிக்குங்க. கையை ஓங்கினாலும் வாங்கிக்குங்க. முழுசா சொல்லிடுங்க."

"சொல்றேன்."

"முழுசான்னேன்."

"சொல்றேன்னு சொல்றேன்ல!"

சனிக்கிழமை நாலு மணிக்குத் தபால்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். மதிப்பீட்டுக் கடிதத்தை வாங்கிப் போகிற நாளாயிற்றே. லென்ஸ்காரர் கண்ணிலிருந்து பூதக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். காசுத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

"அண்ணே, எல்லாம் போச்சு."

தபால்காரர் தட்டையே பார்த்தார். ஒரு காசை ஓரத்தில் பிடித்து, எப்படிப் பிடிக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டாரோ அப்படியே பிடித்து, விளக்குக்குக் கீழே திருப்பினார்.

"நான் திறக்கவே இல்லையே சார்."

"தெரியும்ணே. நீங்க ஒண்ணும் பண்ணல. அந்த ஆல்பம்தான். பிளாஸ்டிக் கெட்டுப்போய்க் காசை அரிச்சிருக்கு. நான் குடுத்த ஆல்பம்."

"எல்லாமேவா?"

"கவர்ல இருந்தது மட்டும் தப்பிச்சுது."

"அப்ப பேரு?"

"வராதுண்ணே."

பக்கத்தில் ஜெராக்ஸ் மெஷின் ஓடி நின்றது. தபால்காரர் காசைத் தட்டில் திரும்ப வைத்தார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார், நெடுநேரம் துடைத்தார். லென்ஸ்காரருக்கு மீதியைச் சொல்ல வாய் வந்தது. நாலு வருஷம், இழுப்பறை, குப்பை, எல்லாம் நாக்கு நுனியில் நின்றன. ஒரு மூச்சில் சொல்லிவிடலாம் என்று நிமிர்ந்தார். அதற்குள் தபால்காரர் கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க என்ன சார் பண்ணுவீங்க? தெரிஞ்சிருந்தா சொல்லாமலா இருந்திருப்பீங்க?"

லென்ஸ்காரர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். சொல்லவில்லை. வீட்டுக்குப் போனதும் மனைவி அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். கிண்ணங்களை எடுத்துப்போய் வெளியே போட்டுவிட்டு வந்தாள்.

அடுத்த சனிக்கிழமை வர மாட்டார் என்று நினைத்தார். வராமல் இருந்தால் தேவலை என்றுகூட நினைத்தார். நாலு மணிக்குத் தபால்காரர் வந்தார். நடந்து நடந்து கால் வீங்கியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தை நீவிக்கொண்டே பேசினார்.

"ஆல்பம் வாங்கினவங்க எனக்கே முப்பது பேருக்கு மேல தெரியும் சார். நீங்க எந்த முகத்தோட போய்ச் சொல்லுவீங்கன்னு நானே ஒரு சுத்து சுத்திட்டேன். உடனே எடுத்துக் காகிதத்துல போடுங்கன்னு வீடு வீடா சொல்லியாச்சு. பாதிப் பேருக்குப் போயிடுச்சு, பாவம். ஒரு அம்மா அழுதுட்டாங்க."

"ரொம்ப நன்றிண்ணே," என்றார் லென்ஸ்காரர்.

"ரெண்டு மூணு பேர் தப்பா பேசினாங்க. அந்த ஆளுக்கு ரொம்ப நாளாவே தெரியும், அதனாலதான் விக்கிறதை நிறுத்தினான்னாங்க. எனக்கு வந்துச்சு பாருங்க கோபம்! யாரைப் பத்திப் பேசறீங்கன்னு கேட்டேன். எம்பேரு மேல சத்தியம், அவருக்குத் தெரியாதுன்னு அடிச்சுச் சொல்லிட்டேன்."

லென்ஸ்காரர் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். இப்போதாவது சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"நம்பினாங்களா?"

"நம்பாம?" என்றார் தபால்காரர், வீங்கிய காலைப் பிடித்தபடி. "என்னை அங்க எல்லாருக்கும் தெரியுமே சார்."