சி.எம்.இ. கூட்டமும் கம்பெனிச் சாப்பாடும்

டாக்டர்களுக்குப் பாடம் நடத்த ஏற்பாடு செய்கிறவன் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது, எதிரில் நிற்பவரைச் சந்தேகப்பட்டுக்கொண்டே அவரைப் பார்த்துச் சிரிப்பது எப்படி என்பதுதான்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பட்டம் வாங்கியதோடு டாக்டர்களின் படிப்பு முடிந்துவிடுவதில்லை. புதிதாக வந்த வைத்தியம், மருந்து பற்றியெல்லாம் அவ்வப்போது கூட்டத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். அதற்கு சி.எம்.இ. என்று பெயர். வந்து உட்கார்ந்தால் கிரெடிட் பாயிண்ட் உண்டு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், படப்பை பக்கத்து டாக்டர்கள் சேர்ந்து நடத்தும் சங்கத்தில் இந்தக் கூட்டங்களை ஏற்பாடு செய்வது என் வேலை. ஹால், மைக், சாப்பாடு இவற்றுக்கு மருந்துக் கம்பெனிகள் உதவும். அந்த உதவி எங்கே முடிகிறது, தூண்டில் எங்கே ஆரம்பிக்கிறது என்பதற்கு மேலிருந்து விதிகள் வந்தபடி இருக்கின்றன. அவற்றைப் பார்த்து எங்கள் சங்கமும் நாலு பக்கத்தில் ஒரு விதித்தாள் எழுதிக்கொண்டது. யாரோ கொடுத்த காசில் ஆண்டு விழா நடத்தி, கொடுத்தவரின் பெயரை எத்தனை தடவை மைக்கில் சொல்வது என்று விழி பிதுங்கியவர்கள் உங்களில் இருப்பார்கள். நாம் ஒரே ஜாதி.

வேலைக்கு எடுத்த கதை

இந்த வேலைக்கு வருமுன் இருபது வருஷம் நான் மெடிக்கல் ரெப். தோளில் பையை மாட்டிக்கொண்டு தாம்பரத்திலிருந்து சுங்குவார்சத்திரம் வரை ஒரு கிளினிக் விடாமல் ஏறி இறங்கியவன். மூட்டு தேய்ந்து பைக் ஓட்ட முடியாமல் போனபோது, சங்கத்துக்கு ஆபீஸ் செக்ரட்டரி தேவை என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். தலைவர் டாக்டர் வசந்தா, படப்பையில் குழந்தைகள் ஆஸ்பத்திரி வைத்திருப்பவர். அவருடைய அறைக்கு எத்தனையோ தடவை சாம்பிள் மாத்திரையோடு போயிருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

விதித்தாளை என் முன்னால் தள்ளிவிட்டு, ஒவ்வொரு விதியையும் எப்படி மீறலாம் என்று சொல்லச் சொன்னார். நான் தயங்கித் தயங்கி ஆரம்பித்தேன். பேச்சாளரைக் கம்பெனி தேர்ந்தெடுக்கக் கூடாது என்றால், மூன்று பெயரைக் கொடுத்து அதில் இரண்டு பேர் அந்தத் தேதியில் வெளியூர் என்று பார்த்துக்கொள்ளலாம். டாக்டருக்குப் பயணச் செலவு தரக் கூடாது என்றால், டிராவல்ஸ்காரர் ‘நண்பராக’ கார் அனுப்பலாம். நான் சொல்லச் சொல்ல அவர் பென்சிலால் ஓரத்தில் எழுதிக்கொண்டே வந்தார். கடைசியில், நமக்கு வேலை இல்லை என்று முடிவு செய்து எழுந்தேன். அவர் பென்சிலை வைத்துவிட்டுச் சொன்னார்: “உட்காருங்க சேவியர். எங்களை எப்படியெல்லாம் ஏமாத்தலாம்னு தெரிஞ்ச ஆளைத்தான் தேடிட்டிருந்தேன்.”

இரண்டு கலர்

ஹாலுக்குள் எந்த மருந்தின் பெயரும் இருக்கக் கூடாது. கம்பெனி மேஜை போட்டுக்கொள்ள வேண்டுமானால் வாசலுக்கு வெளியே. இது எங்கள் விதி. வல்லக்கோட்டைப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த சர்க்கரை நோய்க் கூட்டத்துக்குக் காலையிலேயே போய்ப் பார்த்தேன். பேனர் இல்லை, பேனா இல்லை, நோட்டுப் புத்தகம்கூட வெறும் வெள்ளை அட்டை. எல்லாம் இவ்வளவு சுத்தமாக இருந்ததே எனக்கு உறுத்தியது. மேடைத் திரை ஆரஞ்சும் நீலமும். மேஜை விரிப்பு ஆரஞ்சும் நீலமும். வாசல் பலூன்கூட அப்படியே. வெளியே கம்பெனி மேஜையில் இருந்த சர்க்கரை மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தேன். ஆரஞ்சு, நீலம்.

டெக்கரேஷன்காரர் படப்பைக்காரர், ஏணி மேல் நின்றுகொண்டிருந்தார். இந்தக் கலரை யார் சொன்னது என்றேன். கம்பெனி மேனேஜர் போனில் போட்டோ அனுப்பினார் என்றார். எல்லாவற்றையும் கழற்றி வெள்ளைத் துணி கட்டச் சொன்னேன். அவர் ஏணியிலிருந்து இறங்காமலே என் பக்கம் திரும்பினார். “இன்னா சார், கல்யாணம் காதுகுத்துன்னு எம்மா வேலை பாத்துகினு கீறேன், துணி கலருக்கு ரூல் போட்டு ஒர்த்தரும் கேட்டதில்ல” என்றார்.

முன்வரிசைக்காரர்

அதே கூட்டத்தில் முன்வரிசையில் ஒருவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் குறித்துக்கொண்டிருந்தார். டாக்டர்கள் முன்வரிசையில் உட்காருவதும் இல்லை, குறிப்பு எடுப்பதும் இல்லை. சந்தேகம் வந்து வருகைப் பதிவைப் பார்த்தேன். சிங்கப்பெருமாள் கோவில் டாக்டர் ஒருவரின் பெயருக்கு நேரே கையெழுத்து இருந்தது. அந்த டாக்டர் எனக்கு நன்றாகத் தெரிந்தவர். இவர் அவர் இல்லை.

டீ இடைவேளையில் ஓரமாகக் கூப்பிட்டு விசாரித்தேன். மறைக்கவில்லை. அந்த டாக்டரிடம் பதினைந்து வருஷமாகக் கம்பவுண்டராம். நாற்காலி காலியாக இருந்தால் கம்பெனி மேலிடத்தில் கேட்பார்கள் என்று ரெப்பே காரில் அழைத்து வந்து விட்டிருக்கிறார். கையெழுத்தை அடித்துவிட்டேன். ஆனால் அவர் நோட்டைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. கால் புண்ணை எப்படிக் கழுவுவது, எதைத் தடவக் கூடாது என்று அழகாக எழுதியிருந்தார். மீதிக் கூட்டத்தையும் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகச் சொன்னேன். நோட்டை மடித்துக்கொண்டே அவர் சொன்னார்: “டாக்டருக்கு இதெல்லாம் தெரியும் சார். தெரியாதவன் நான்தானே வரணும்?”

விபூதிப் பொட்டலம்

ரமேஷும் நானும் ஒரே பைக்கில் ரெப் வேலை பார்த்தவர்கள். அவன் இன்னும் கம்பெனியில்தான் இருக்கிறான். ஒருநாள் ஆபீசுக்கு வந்து, வல்லக்கோட்டை முருகனுக்கு மகள் பெயரில் அர்ச்சனை செய்தேன் என்று ஒரு பையை மேஜை மேல் வைத்தான். நான் மாதா கோவிலுக்குப் போகிறவன் என்றாலும் அவன் தரும் பிரசாதத்தை எந்தக் காலத்திலும் மறுத்ததில்லை. ஆனால் அடுத்த வாரம் எங்கள் கமிட்டி, கூட்டச் செலவை ஏற்கும் ஸ்பான்ஸரைத் தேர்ந்தெடுக்க இருந்தது; அவன் கம்பெனியும் கேட்டிருந்தது. பையின் கனம் சரியாகப் படவில்லை.

அவன் எதிரிலேயே பையைத் திறந்தேன். பஞ்சாமிர்த டப்பா, தேங்காய் மூடி, விபூதிப் பொட்டலம். பொட்டலத்தையும் பிரித்தேன். உள்ளே விபூதிதான் இருந்தது. ரமேஷ் கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. டீகூட வேண்டாம் என்று எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று சொன்னான்: “இத்தினி வருஷம் என் பின்னாடி உக்காந்து வந்தவன் நீ, சேவியரு. சாமி விபூதியையும் பிரிச்சுப் பாக்கறியே.”

பதினாலாவது ஸ்லைடு

நின்றுகொண்டே வேலை பார்க்கும் தொழிலாளர்களின் இடுப்பு வலி, முட்டி வலி பற்றி ஒரு கூட்டம். பேச வந்தவர் சென்னையிலிருந்து எலும்பு டாக்டர் இளங்கோ. வலி மாத்திரை விற்கும் கம்பெனிதான் ஸ்பான்ஸர். ஸ்லைடுகளைப் பேச்சாளர் நேராக எங்களுக்கு அனுப்ப வேண்டும், கம்பெனி தொடக் கூடாது என்பது விதி. அவரும் ஒரு வாரம் முன்பே அனுப்பிவிட்டார். நான் அதை அச்செடுத்துக் கையில் வைத்திருந்தேன். ஞாயிறு காலை ஹாலுக்குப் போனால், கம்பெனி மேனேஜர் தன் லேப்டாப்பை மாட்டித் தயாராக நின்றார். “உங்களுக்கு எதுக்கு சார் சிரமம்” என்றார். அந்த வார்த்தையை நானே பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். லேப்டாப்பில் ஒவ்வொன்றாகத் தள்ளி அச்சோடு ஒத்துப் பார்த்தேன். பதினாலாவது இல்லை. தினமும் வலி மாத்திரை போடுகிறவர்களுக்குக் கிட்னி கெடலாம், ரத்தப் பரிசோதனை செய்யாமல் தொடர்ந்து எழுதாதீர்கள் என்று சொல்லும் ஸ்லைடு அது.

என் தங்கை புருஷன் லூர்துவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஒரகடத்தில் கார் பாகங்களுக்குத் தகடு அழுத்தும் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை. ஓ.டி. பார்த்து அதிக நேரம் நின்றால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். கிளினிக்கில் எழுதிக் கொடுத்த மாத்திரையை, அப்புறம் சீட்டே இல்லாமல் கடையில் வாங்கி வருஷக்கணக்காகப் போட்டான். இப்போது வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். அந்தக் கிளினிக்கில் அந்த மாத்திரையைப் பற்றி வாரா வாரம் பேசிவிட்டு வந்தவன் நான். இது லூர்துவுக்குத் தெரியும். ஒரு நாளும் அவன் அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. ஹால் நிறைய டாக்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஸ்லைடைக் கம்பெனிதான் எடுத்தது என்று நான் நினைத்தது தப்பாக இருந்திருந்தால் அன்றோடு என் வேலை போயிருக்கும்.

தலைவரிடம் போய்க் காட்டினேன். அவர் அச்சை இளங்கோவிடம் நீட்டி, “இதை நீங்க எடுத்தீங்களா டாக்டர்?” என்று கேட்டார். அவர் கண்ணாடியை மாட்டிப் பார்த்து, “இல்லையே, இதை வெச்சுத்தானே பேச்சையே முடிக்கப்போறேன்” என்றார். மேனேஜர், நேரம் பத்தாதென்று சுருக்கினோம் என்றார். தலைவர் லேப்டாப்பின் ஒயரைப் பிடுங்கி, சங்கத்தின் பழைய கம்ப்யூட்டரில் மாட்டினார். அது உயிர் பெறக் கால் மணி நேரம் ஆயிற்று. இளங்கோ மேடை ஏறியதும், இதே கம்பெனியிடம் முன்பு பேச்சுக்குச் சம்பளம் வாங்கியிருக்கிறேன், அதை மனதில் வைத்துக்கொண்டு என்னைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார். பதினாலாவது ஸ்லைடில் மட்டும் பத்து நிமிஷம் நின்றார். ஒரு தொழிற்சாலை கிளினிக் டாக்டர் எழுந்து, தன்னிடம் வருகிறவர்களுக்கு இனி அந்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறேன் என்றார். பின்னால் என் பக்கத்தில் நின்ற மேனேஜர் குரலை உயர்த்தாமல், உண்மையிலேயே புரியாதவர் மாதிரி கேட்டார்: “ஒரே ஒரு ஸ்லைடுதானே சார், அதுக்கா இவ்ளோ?”

தயிர் சாதம்

அடுத்த கூட்டத்துக்கு எந்தக் கம்பெனியும் முன்வரவில்லை. ஒரு பள்ளிக்கூட ஹாலை இலவசமாக வாங்கி, சந்தாப் பணத்தில் தயிர் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் ஏற்பாடு செய்தோம். வழக்கமாக வருகிறவர்களில் பாதிப் பேர்கூட வரவில்லை. வந்தவர்கள் ஆளுக்கொரு கேள்வி கேட்டு, பேச்சாளரை லேசில் இறங்க விடவில்லை. எனக்கு உள்ளூரச் சந்தோஷம். ஒருமுறையாவது யாரையும் சந்தேகப்படாமல் ஒரு கூட்டத்தை முடித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

வெயிலுக்கு நன்றாக இருக்கட்டும் என்று யாரோ ஒரு பெரிய கேனில் மோர் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். நானும் இரண்டு டம்ளர் குடித்துவிட்டேன். வாலாஜாபாத்திலிருந்து வந்திருந்த வயதான டாக்டர் ஒருவர் டம்ளரை வாய் வரை கொண்டுபோய், குடிக்காமல் நிறுத்தி என்னைப் பார்த்தார். “சாதம் சங்கத்தோடது, சரி. மோரு யாரோடது சேவியர்?” என்றார்.

இந்த வேலைக்கு வந்தபின் எனக்கு நண்பர்கள் குறைந்தார்கள், கூடியது சந்தேகம் ஒன்றுதான். அதற்கு மட்டும் இதுவரை எந்தக் கம்பெனியும் ஸ்பான்ஸர் செய்கிறேன் என்று வரவில்லை.