கொசுறுக்குக் கணக்கில்லை

வயிறு எரிவதால் உடம்பு இளைக்குமானால், பெரு நாட்டின் த்ருஹியோ சந்தையில் சீஸ் விற்கும் எத்தெல்வினா அந்த ஆண்டு துரும்பாகியிருப்பாள். எரிந்ததுதான் மிச்சம்.

சந்தையின் ஆண்டுவிழாவில் மரினேரா என்ற ஜோடி நடனம் ஆடுவது அவளும் அவள் கணவன் ரிகோபெர்த்தோவும்தான். அவன் கைக்குட்டையை வீசிச் சுற்றிச் சுற்றி வருவான். இவள் வெறுங்காலோடு பிடிகொடுக்காமல் நழுவுவாள். சங்கத்திடம் பெண்ணுக்கான ஆட்ட உடை ஒன்றே ஒன்றுதான். அதைத் துவைத்துப் பத்திரமாக வைத்திருப்பவள் சோப்புக்கடை செனோவியா என்ற விதவை. உடை யாருக்குப் பொருந்துகிறதோ அவள் ஆடலாம், அதுதான் வழக்கம். இத்தனை காலம் இவளைத் தவிர யாரும் போட்டுப் பார்க்கக்கூடத் துணிந்ததில்லை.

இந்த முறை முதுகுக் கொக்கிகள் பாதிக்கு மேல் ஏறவில்லை.

"நான் போட்டுப் பாக்கட்டுமாக்கா?" என்றாள் பக்கத்து ஜூஸ்கடை நெலிதா. அவளுக்கு எல்லாக் கொக்கியும் ஏறியது. வாசலில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த ரிகோபெர்த்தோ ஊசியை நிறுத்திவிட்டுப் பார்த்தான். அந்தப் பார்வையைத்தான் எத்தெல்வினாவால் பொறுக்க முடியவில்லை.

அன்றே போனில் கலோரிக் கணக்கு ஆரம்பமானது. லெட்டூஸ் இலையை சீஸ் தராசில் வைத்து நிறுத்தாள். வெள்ளரித் துண்டை நிறுத்தாள். உருளைக்கிழங்கை ஏதோ பகையாளி மாதிரி ஒதுக்கினாள். வாரங்கள் ஓடின, கொக்கி ஓர் இம்மிகூட நகரவில்லை. நெலிதாவோ கண்ணெதிரே கைக்குட்டையை வீசிப் பழகிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் எத்தெல்வினா வெடித்துவிட்டாள். "உன் ஜூஸ்ல என்னடி கலக்குற?"

"பாலு, லூக்குமாப் பழம், சர்க்கரை. நீ கேக்குறதுதான்."

"ஒரு கிளாஸ்தான குடிக்கிறேன். எழுதியும் வெச்சிருக்கேன், பாரு."

"கொசுறை எழுதுனியா?"

"கொசுறை எவளாவது எழுதுவாளா? அது நீ சும்மா குடுக்கிறதுதான?"

"சும்மா குடுத்தா உடம்புல சும்மா போயிடுமா? கிளாஸ் காலியானதும், மிக்ஸில மிச்சம் இருக்கே, ஊத்து ஊத்துன்னு நீட்டுறது யாரு? இலையத் தராசுல வெச்சுக் கும்புடுற, அது மேல கொட்டுற எண்ணெய எழுதல. நிறுக்க வேண்டியதெல்லாம் தராசுக்கு வெளிய நிக்குதுக்கா."

கோபம் தலைக்கேறினாலும் வீட்டுக்குப் போய் எழுதிப் பார்த்தாள். காலை ஜூஸும் கொசுறும் சேர்ந்தே ஒரு மதியச் சாப்பாட்டின் கணக்கை விழுங்கியிருந்தன. எண்ணெய் இன்னொரு பக்கம். முதலில் எழுத வேண்டியது குடிப்பதும் ஊற்றுவதும் போகிற போக்கில் வாயில் போடுவதும்தான், இலை தழையெல்லாம் அப்புறம் என்று அவளுக்குப் புரிந்தது. ஜூஸை விட்டாள். எண்ணெயைக் கரண்டியால் அளந்தாள். உடம்பும் இளைக்கத் தொடங்கியது.

அத்தோடு நின்றிருக்கலாம். பொறாமைக்காரி நிற்பாளா? என்னைப் பருக்க வைத்த கொசுறு அவளையும் பருக்க வைக்காதா என்று யோசித்தாள். மறுநாளிலிருந்து நெலிதாவின் கடைக்கு சீஸ் கொசுறு போக ஆரம்பித்தது.

"என்னக்கா திடீர்னு பாசம்?"

"புது சீஸ்டி. உப்பு சரியா இருக்கான்னு சொல்லு."

தான் தின்னாமல் நீட்டினால் சந்தேகப்படுவாளே என்று எத்தெல்வினாவும் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொள்வாள். வந்தவளுக்கு ஒன்று, போனவளுக்கு ஒன்று என்று அது நாள் முழுவதும் நீண்டது. அதை அவள் எழுதவில்லை. அது நெலிதாவின் கணக்கு என்று நினைத்துவிட்டாள் போலும்.

விழாவன்று காலை நெலிதா மூச்சை அடக்கியும் கொக்கி ஏறவில்லை. எத்தெல்வினாவுக்கு உள்ளூரத் தேன் வடிந்தது. பிறகு தானே போட்டுப் பார்த்தாள். ஜூஸை விட்டதில் உடை இடுப்பு வரை சுகமாக வந்தது. அதற்கு மேல் மூன்று கொக்கிகள் வாயைப் பிளந்து நின்றன.

சங்கத் தலைவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "செனோவியா, நீ போட்டுப் பாரேன்."

அவளுக்கென்றே தைத்தது போல் பொருந்தியது. பின்னே, சோப்புக்கடையில் கொசுறாக எதைத் தின்றுவிட முடியும்?

வாத்தியம் முழங்கியது. ரிகோபெர்த்தோ செனோவியாவைச் சுற்றிச் சுற்றி வந்தான். தோற்ற இருவரும் ஒரே பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். நெலிதா கையோடு ஜூஸ் கொண்டுவந்திருந்தாள்.

"இப்பவாவது உண்மையச் சொல்லு. அந்த சீஸ் எதுக்குக் குடுத்த?"

"அந்த உடை உனக்குப் பொருந்துனது எனக்குப் பொறுக்கல."

"தெரியும். தெரிஞ்சுதான் தின்னேன். நல்ல சீஸுக்கா, விட முடியல."

அப்போது ரிகோபெர்த்தோ செனோவியாவின் முன்னால் மண்டியிட்டு, கைக்குட்டையால் அவள் பாதத்தருகே தரையைத் துடைத்தான். சந்தை முழுக்கக் கைதட்டியது.

எத்தெல்வினா காலி கிளாஸை மடியில் வைத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போன வருஷம் முட்டி வலி, மண்டி போட முடியாதுன்னான்டி எங்கிட்ட."

 நெலிதா மிச்சமிருந்த ஜூஸை அந்த கிளாஸில் ஊற்றினாள்.