அரை வயிற்றுக் கன்று

என் மகனை அடித்தவர் அவனிடம் கன்று வாங்கியவர்தான். கிருத்திகை என்பதால் அன்று தெருவே மலைக்குப் போயிருந்தது. கூப்பிட்டால் வர ஆள் இல்லை.

மகன் புங்கனூர் குட்டை மாடு வளர்க்கிறான். ஆந்திரப் பக்கத்து இனம். இப்போது பங்களாக்காரர்கள் அதை நாய்க்குட்டி மாதிரி வீட்டுக்குள் விட்டு வளர்க்க ஆசைப்படுகிறார்கள். அதற்கு விலை பாலை வைத்து இல்லை, உயரத்தை வைத்துத்தான். திமிலருகே கோல் வைத்து அளப்பார்கள். குள்ளமாக ஆக ஆக விலை ஏறும். அசல் குட்டைக் காளை சுலபத்தில் கிடைக்காது. கலப்புக் காளையோடு சேர்த்தால் கன்று எவ்வளவு வளரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் வளராமல் இருக்க, விற்கும்வரை கன்றுக்கு அரை வயிற்றுப் பால்தான். எல்லாரும் செய்வதுதானே என்பான்.

வாங்கியவரின் தோட்டத்தில் அந்தக் கன்று வயிறாரத் தின்றது. வளர்ந்தது.

கிருத்திகையன்று எங்கள் கொட்டகை முன்னால் மினி லாரியிலிருந்து அதை இறக்கினார்கள். என் இடுப்புக்கு மேலே நின்றது. கூட வந்த இரண்டு பேர் மகனைக் கொட்டகைத் தூணோடு சேர்த்து அழுத்திக்கொண்டார்கள்.

"இதுக்கு மேல ஏறாதுன்னு சத்தியம் பண்ணியேடா. இப்ப அள" என்று அவர் அளவுகோலை நீட்டினார். கோடு கீறிய இரும்புக் குழாய் அது.

மகன் சிரித்து மழுப்பினான். "தீனி ஜாஸ்தி போட்டுட்டீங்க சார்."

அந்தக் குழாய் அவன் வாயில் இறங்கியது. அடுத்தது முழங்கையில். எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது. நான் குறுக்கே விழுந்தேன். ஒருவன் என் தலைமுடியைப் பிடித்து இழுத்துச் சாணத்தில் தள்ளினான். மாடுகள் மிரண்டு கயிற்றை இழுத்துக் கதறின. தீவனத் தொட்டியில் மகனின் பல் கிடந்தது. வளர்ந்த மாட்டை எங்களிடமே விட்டுவிட்டு, கொட்டகையிலிருந்த குட்டிக் கன்று ஒன்றை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அதுவும் அரை வயிற்றில் நின்ற கன்றுதான். அங்கே போய் அதுவும் வளரும்.

போலீசில் புகார் கொடுக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன். வீங்கிய வாயால் வேண்டாம் என்றான். விஷயம் வெளியே போனால் எவனும் வாங்க வரமாட்டானாம். அன்றிலிருந்து வாசலில் எந்த வண்டி நின்றாலும் ஓடிப்போய்க் கதவைத் தாழிடுகிறேன்.

கட்டுப்போட்ட கையோடு வீடு திரும்பியவன், பிறந்து கொஞ்ச நாளே ஆன கன்றைத் தாயிடமிருந்து இழுத்துத் தள்ளிக் கட்டினான். நான் போய் அவிழ்த்தேன்.

"அவுக்காதம்மா. வளந்துகினு போச்சுன்னா எவன் வாங்குவான்?"

"இங்கயே வளரட்டும். வாங்கறவன் கண்ணால பாத்து வாங்கட்டும். இன்னொரு வாட்டி உன்ன அடிக்க ஒருத்தன் வரக் கூடாது."

நல்ல கையால் என்னைத் தள்ளினான். என்னைத் தொட்டுப் பேசக்கூடத் தயங்குகிற பிள்ளை. தொட்டி விளிம்பில் என் நெற்றி மோதிக் கண்ணில் ரத்தம் இறங்கியது. அவன் என்னைப் பார்க்கவில்லை. தாயிடம் ஓடிவிட்ட கன்றின் கழுத்தைப் பிடித்து இழுத்தான். அது மடியை முட்டி முட்டிக் குடித்தது. ஒற்றைக் கையால் அவனால் அதைப் பிரிக்க முடியவில்லை.