வகிடு நேராக இருக்கட்டும்

போன செவ்வாய்க்கிழமை காலை. விழுப்புரத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. என் அக்கா லூர்துமேரிக்கு வயிற்றுக் கட்டி ஆபரேஷன்.

கட்டியைவிட இதயம்தான் சிக்கல். 'மயக்க மருந்தை உடம்பு தாங்குமா என்று சொல்ல முடியாது. ஆபரேஷன் செய்யாமலும் விட முடியாது' என்று டாக்டர் முந்தின நாள் எங்களைத் தனியாக அழைத்துச் சொல்லியிருந்தார். அக்காவிடம் நாங்கள் மூச்சு விடவில்லை.

அக்கா மகள் ஸ்டெல்லா திண்டிவனத்திலிருந்து பஸ் பிடித்து, விக்கிரவாண்டி டோல்கேட் நெரிசலில் மாட்டி, ஓடி வந்தாள். தலைக்குக் குளித்தவள் முடியைக்கூடக் கட்டவில்லை. கட்டிலைப் பார்த்ததுமே அழ ஆரம்பித்துவிட்டாள்.

"யாருடி செத்துட்டாங்க? தலைய விரிச்சிப் போட்டுக்கினு வந்து நிக்கிற?" – அக்கா.

"ஈரம்மா…"

"ஈரமோ இன்னாவோ, மொதல்ல கொண்டைய போடு. அப்பால அழுவலாம்."

அதற்குள் நர்ஸ் வந்தார். "தியேட்டருக்குப் போறதுக்கு முன்னாடி ரெட்டை ஜடை போடணும்மா."

அக்கா முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு! "அஞ்சாங் கிளாஸ்ல போட்டது! ஏய் ஸ்டெல்லா, வகிட நேரா எடுடி. கோணலா இருந்தா மேல மோட்சத்துல சம்மனசுங்கல்லாம் பாத்து சிரிக்கும்."

மேலே தேவதூதர்கள் பார்ப்பார்களாம் – நாங்கள் மறைத்தும் அக்காவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது!

எனக்குப் பெர்பெத்துவா நினைவுக்கு வந்தார். ஆதித் திருச்சபையில் விசுவாசத்துக்காக உயிர்விட்ட வேதசாட்சி. கைக்குழந்தைக்காரி. கிறிஸ்துவை மறுதலித்தால் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். மாட்டேன் என்றார். கார்த்தேஜ் நகரத்து அரங்கில், கொல்வதற்காக அவிழ்த்துவிட்ட முரட்டுப் பசு அவரை முட்டித் தள்ளியது. எழுந்து உட்கார்ந்து, கிழிந்த உடையைச் சரிசெய்தார். பிறகு, கொண்டை ஊசி கேட்டு வாங்கி, அவிழ்ந்த கூந்தலை முடிந்துகொண்டார். தலைவிரிகோலம் அந்த ஊரிலும் துக்கத்தின் அடையாளம். தன் மகிமையின் நேரத்தில் துக்கப்படுகிறவளாகத் தெரியக் கூடாதாம்!

பிரசங்கத்தில் எத்தனையோ முறை கேட்ட கதைதான். வேதசாட்சிகளுக்குப் பயமே கிடையாது என்று நினைத்திருந்தேன்.

ஸ்ட்ரெச்சர் நகர்ந்தபோது அக்கா என் கையைப் பிடித்தார். அவர் கை சில்லென்று இருந்தது. தியேட்டர் கதவு வரைக்கும் விடவில்லை. முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. பெர்பெத்துவாவும் பயத்தைக் கூடவே கூட்டிக்கொண்டுதான் அரங்குக்குள் நடந்திருப்பார் போல… அப்படித் தோன்றியதும் அந்த வேதசாட்சி எனக்கு இன்னும் நெருக்கமாகிவிட்டார்.

பிற்பகலில் டாக்டர் வெளியே வந்தார். "தாங்கிட்டாங்க" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக ஆண்டவருக்கு எத்தனை முறை நன்றி சொன்னேனோ, எனக்கே தெரியாது.

இரண்டு நாள் கழித்து அக்காவிடம் சொன்னேன்: "ஞாயித்துக்கிழமை ஒம் பேருக்கு நன்றிப் பூசை குடுக்கப் போறேன்க்கா."

"எனக்கு எதுக்குடா? அந்த டாக்டரு பேருக்குக் குடு. பாவம், மனுசன் என்னவிட ரொம்ப பயந்துக்கினு இருந்தாரு!"